சுரங்கம் மூடுன மேட்டுல மழைத்தண்ணியையும் மண் அரிப்பையும் மாடல் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது?

சுரங்கத்த மூடி மண்ணு ரொப்பி மரம் நட்ட மேட்டுல மழைத்தண்ணி ஓட்டத்த எதுல மாடல் பண்றது, கீழ ஒரு செட்டிலிங் குட்டை (மண்ணு அடியில படிய விடுற குட்டை) வெட்டிட்டா மண்ணு நின்னுடுமான்னு கேட்டிருக்கீங்க, ஃபைனல் இயர் புராஜெக்ட்னும் போட்டிருக்கீங்க. சாஃப்ட்வேர் கதைய சீக்கிரம் முடிச்சிடுறேன் தம்பி. தண்ணிக்கு ஹெச்இசி-ஹெச்எம்எஸ் (HEC-HMS), மழை பெஞ்சா எவ்ளோ ஓடி வரும்னு கணக்கு போடற சாஃப்ட்வேர், ஃப்ரீதான். சுரங்க நிலத்துக்கு செட்கேட் (SEDCAD)னு ஒண்ணு அமெரிக்காவுல ஓடுது, காலேஜ்ல இருந்தா பாருங்க, இல்லன்னா எக்செல்லே போதும். எதுல போட்டாலும் ரிசல்ட்ட ஆட்டி வைக்கிறது ரெண்டே விஷயம், கர்வ் நம்பரும் (பெய்யுற மழையில எவ்ளோ ஓடி வரும்னு சொல்ற எண், 100 கிட்ட போகப் போக ஓட்டம் ஜாஸ்தி) மண் துகளோட சைஸும்.

நான் காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணத்துக்குக் கீழ. எங்களுக்கு வடக்க நெய்வேலி, அந்தப் பக்கத்து தண்ணி பரவனாறு வழியா பெருமாள் ஏரிக்கு வந்து கடலுக்குப் போகுது. டெல்டாவுல வாட்டமே கிடையாது, தண்ணி வேகம் கொறைஞ்ச எடத்துல வண்டல் அப்படியே உக்காந்துடும், அப்புறம் கடைமடைக்காரன் தூர் வாரச் சொல்லி மனு குடுத்துட்டு நிக்கணும். அதனால மேட்டு மண்ணு மேட்டுலயே நிக்கணும்ங்குறதுல எனக்கு கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

இப்ப கர்வ் நம்பர். புல்லு முளைச்சு நல்லா இருக்குற மேடுன்னு 70 போடுறீங்கன்னு வச்சுக்குவோம். ஒரே நாள்ல 200 மிமீ மழை, ஐப்பசி கார்த்திகையில புயல் வந்தா இதெல்லாம் நம்ம பக்கம் சாதாரணம். ஃபார்முலாவுல போட்டா சுமார் 110 மிமீ ஓடி வரும். ஆனா அந்த மழை காஞ்ச மண்ணு மேலயா பெய்யுது? முன்னாடி நாலு நாளா ஊத்தி மண்ணு ஊறிப்போய் கெடக்கும். ஈர நிலைக்கு மாத்துனா அதே 70 டேபிள்ல 85 ஆயிடும், ஓட்டம் 155 மிமீ கிட்ட போயிடும். வித்தியாசம் 44 மிமீ தானேன்னு தோணும், 100 ஹெக்டேர் மேட்டுக்கு அது 44,000 கன மீட்டர், அதாவது 4 கோடியே 40 லட்சம் லிட்டர். உங்க குட்டை அந்தத் தண்ணிக்கு வெட்டலன்னா கரை ஒடஞ்சு உள்ள புடிச்சு வச்ச சேறும் சேர்ந்து எறங்கும். இதுல டோசரும் டிப்பரும் ஏறி எறங்கி அமுக்குன மண்ணா இருந்தா தண்ணி உள்ளயே போகாது, முதல் சில வருஷத்துக்கு 70ங்கறதே பேராசை. மேல் மண்ண 4 அடியாவது அமுக்காம பொலபொலன்னு விடுங்கன்னு அமெரிக்காவுல மரம் நடறவங்க சொல்றது வேருக்காக, ஆனா அது தண்ணிக்கும் நல்லது.

மழை டேட்டா தினசரி மட்டும் கெடச்சா பீக் ஃப்ளோவ, அதாவது உச்சத்துல வர்ற ஓட்டத்த, நம்பாதீங்க, மணிக்கணக்குல இருக்கறது தேடுங்க. டுடோரியல பாத்து அமெரிக்க டைப் 2 மழைய (ஒரு நாள் மழை எந்த நேரத்துல எவ்ளோ பெய்யும்னு அவங்க ஊருக்கு போட்ட கணக்கு) அப்படியே ஒட்டாதீங்க ப்ளீஸ்.

மண் அரிப்புக்கு ஆர்யூஎஸ்எல்இ (RUSLE)ங்கற சமன்பாட்ட போடுவீங்க, எல்லாரும் அதத்தான் போடுறாங்க. அது வருஷ சராசரி, ஒரு புயல்ல எவ்ளோ வரும்னு அது சொல்லாது, அதுக்கு அதோட மாத்துன வடிவம் எம்யூஎஸ்எல்இ (MUSLE). இன்னொண்ணு, அந்த சமன்பாடு பொறந்ததே 22 மீட்டர் நீளம் 9 சதவீத சரிவுல இருந்த பாத்திகள்ல, அதுவும் விவசாய நிலம். செங்குத்தா நிக்கிற சுரங்க மண்ணு மேட்டுக்கு அத இழுத்து நீட்டுனா நம்பர் வரும், நம்பர் மட்டும்தான் வரும். மழைக்கு அப்புறம் சரிவுல நடந்து பாருங்க. மேல விரல் அகலத்துக்கு கோடு கோடா ஆரம்பிக்கும், பாதி தூரத்துல நாலஞ்சு கோடு ஒண்ணா சேந்து முழங்கால் ஆழத்துக்கு ஓடையா அறுத்துக்கிட்டு போயிருக்கும். அந்த ஓடை மண்ணு ஆர்யூஎஸ்எல்இ கணக்குலயே வராது!

குட்டைக்கு வருவோம். சரிவுல ஒரு கைப்பிடி மண்ண தண்ணி பாட்டில்ல போட்டு நல்லா குலுக்கி ஜன்னல் ஓரம் வைங்க. மணல் கண் எதிர்லயே படிஞ்சிடும், மறுநாள் காலையில பாத்தா மேல இன்னும் டீ கலர்லயே நிக்கும், அதுதான் களி. 20 மைக்ரான் (மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) துகள் 1 மீட்டர் எறங்க முக்கா மணி நேரம்தான், 2 மைக்ரான் களி அதே 1 மீட்டருக்கு கிட்டத்தட்ட 3 நாள் எடுக்கும், ஏன்னா வேகம் விட்டத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். புயல் தண்ணிய 3 நாள் அசையாம வைக்க எவன் எடம் தருவான்? ஆக குட்டை மணலையும் வண்டலையும் புடிக்கும், களிய புடிக்காது, படிகாரம் மாதிரி எதாவது கலந்து திரட்டுனாதான் உண்டு. அதனால சராசரி சைஸ் போடாம லேப்ல ஹைட்ரோமீட்டர் டெஸ்ட் பண்ணி, எந்த சைஸ் துகள் எத்தன சதவீதம்னு வர்ற முழு கர்வையும் மாடலுக்குள்ள குடுங்க.

களிய மேலயே நிறுத்தறதுதான் சுலபம். சரிவ நடுநடுவுல படி மாதிரி வெட்டி நீளத்த ஒடைக்கணும், படியோட தண்ணி தனி வாய்க்கால்ல கல்லு பதிச்சு எறங்கணும், வெறும் மண்ணு தெரியுற எடத்துல தென்னை நார் பாய் விரிச்சு வெட்டிவேர் வைக்கணும். மரம் மட்டும் நட்டுட்டு அடியில தரை மொட்டையா இருந்தா பிரயோஜனம் இல்ல, அரிப்ப தடுக்கறது தரைய ஒட்டி கெடக்குற புல்லும் சருகும்தான், முக்காவாசி பேரு கோட்ட விடுறது இங்கதான்.

அப்புறம் அவுட்லெட், குட்டைத் தண்ணி வெளிய போற வாய். மாடல்ல தண்ணி தடையில்லாம வெளிய போறதா விட்டுடாதீங்க, கார்த்திகையில ஆறும் வடிகாலும் தளும்பி நிக்கும், குட்டைத் தண்ணி எறங்காது, சில நேரம் எதிர்த்துக்கிட்டு உள்ள வரும். வடிகால்ல வெள்ள மட்டம் என்னன்னு பக்கத்து வயக்காரர்கிட்ட கேட்டா மதகுலயே கை வச்சு காட்டுவாரு, அத லெவல் எடுத்து டெயில்வாட்டரா (வெளிய போற வாய்ல நிக்கிற தண்ணி மட்டமா) குடுங்க.

முடிஞ்சா ஒரு மழையிலயாவது கல்வர்ட்டுல தண்ணி ஏறும்போது ரெண்டு பாட்டில், எறங்கும்போது ரெண்டு பாட்டில் புடிச்சு, வடிகட்டி காய வச்சு எடை போடுங்க. லிட்டருக்கு எத்தனை கிராம்னு வர்ற அந்த நம்பர மாடல் நம்பருக்குப் பக்கத்துல வச்சாதான் வைவால எக்ஸ்டர்னல் உங்கள விடுவாரு.