டிஸ்ட்ரோஃபின் குறைவை உணவால் ஈடுகட்ட முடியுமா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. ஒன்றரை வயது தாண்டித்தான் நடக்கவே ஆரம்பித்தான். இப்போதும் அடிக்கடி விழுகிறான். படி ஏறத் திணறுகிறான். தரையில் உட்கார்ந்தால் தொடையில் கையை ஊன்றித்தான் எழுகிறான். ஆனால் கெண்டைக்கால் மட்டும் நன்றாகத் திரண்டிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் கூடியிருந்ததால் கல்லீரல் கோளாறு என்று எட்டு மாதம் மருந்து கொடுத்தோம். இப்போது வேறு மருத்துவர் சி.கே. என்ற தசை நொதியைப் பார்க்கச் சொன்னார், 14,000 என்று வந்திருக்கிறது. "டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததால் வரும் டுஷென் தசைச்சிதைவு நோயாக இருக்கலாம்" என்கிறார். புரதம்தானே குறைவு, புரதச் சத்துள்ள உணவும் புரோட்டீன் பவுடரும் கொடுத்தால் சரியாகாதா? ஓடியாட வைத்தால் தசை பலப்படுமா? இதற்கு ஊசி வந்துவிட்டது என்கிறார்களே? என் தங்கை இரண்டு மாத கர்ப்பம். அவளும் பயப்படுகிறாள்.

பதில்: முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: சரியாகாது. உங்கள் மகனுக்கு நீங்கள் சாப்பாட்டில் எந்தக் குறையும் வைத்ததால் இது வரவில்லை. நாம் சாப்பிடும் புரதம் எதுவும் அப்படியே தசைக்குப் போய்ச் சேர்வதில்லை. குடலில் அமினோ அமிலங்களாக உடைந்து, அதன் பிறகு ஒவ்வொரு செல்லும் தன் மரபணு சொல்கிறபடி தனக்கு வேண்டிய புரதத்தைத் தயாரித்துக்கொள்கிறது. டிஸ்ட்ரோஃபினுக்கான மரபணுவிலேயே பிழை இருந்தால், மூலப்பொருளை எவ்வளவு கொட்டினாலும் அந்தப் புரதம் உருவாகாது. வயதுக்கேற்ற சாதாரண உணவு போதும். பவுடர் வேண்டாம். எடை கூடினால் பலவீனமான கால்கள்தான் அதைச் சுமக்க வேண்டும்.

டிஸ்ட்ரோஃபின் தசையில் இருக்கும் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 0.002 சதவீதம்தான். ஆனால் அதன் வேலை பெரிது. தசை செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் இழைகளை ஒரு முனையிலும், செல்லின் மேலுறையில் பதிந்திருக்கும் புரதக் கூட்டத்தை மறுமுனையிலும் பிடித்துக்கொண்டிருக்கும் நீண்ட புரதம் அது. அந்தக் கூட்டம் செல்லுக்கு வெளியே உள்ள சவ்வோடு இணைந்திருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது உண்டாகும் இழுவிசையை, வண்டியின் ஷாக் அப்சார்பர் போல, இந்த இணைப்பு தாங்கிக்கொள்கிறது. அது இல்லாவிட்டால் ஒவ்வோர் அசைவிலும் மேலுறையில் நுண்ணிய கிழிசல்கள் விழும். அவற்றின் வழியே கால்சியம் அளவுக்கு மீறி உள்ளே புகுந்து செல்லைச் சேதப்படுத்தும்; உள்ளே இருக்கவேண்டிய நொதிகள் ரத்தத்தில் கசியும். உங்கள் கையில் இருக்கும் 14,000 அப்படிக் கசிந்த சி.கே. தான். சாதாரணமாக இது சில நூறைத் தாண்டாது.

சிறு வயதில் தசை தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் முதல் இரண்டு மூன்று வருடங்கள் பலருக்கும் எதுவும் தெரிவதில்லை. போகப்போகப் பழுதுபார்க்கும் திறன் தளர்ந்து, தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் நிரம்புகின்றன. திரண்டு தெரியும் கெண்டைக்காலின் பருமனில் பெரும்பங்கு அதுதான், அதைப் பலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடையில் கை ஊன்றி எழுவதற்கு மருத்துவத்தில் 'கோவர்ஸ் அறிகுறி' என்று பெயர். நீங்கள் அதைக் கவனித்து எழுதியது ரொம்ப உதவியாக இருந்தது.

அந்த எட்டு மாதக் கல்லீரல் மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல குழந்தைகளுக்கு இதே கதைதான் நடக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கல்லீரலுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல; தசையிலும் இருக்கின்றன. மஞ்சள் காமாலை இல்லை, கல்லீரல் கோளாறில் ஏறும் பிலிருபினும் ஜி.ஜி.டி.யும் சரியாக இருக்கின்றன, இந்த இரண்டு மட்டும் ஏறியிருக்கின்றன என்றால், அதுவும் நடக்கத் தாமதமான ஆண் குழந்தை என்றால், கல்லீரலை ஆராய்வதற்கு முன்பே சி.கே. பார்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போகட்டும், அந்த மாதங்களை நினைத்து நீங்கள் உங்களை நொந்துகொள்ளத் தேவையில்லை. இனி யாராவது இதே ரிப்போர்ட்டை வைத்துக் கல்லீரல் பயாப்ஸி என்று சொன்னால், சி.கே. முடிவைக் காட்டுங்கள்.

அடுத்து, "இருக்கலாம்" என்பதை "இதுதான்" என்று ஆக்க வேண்டும். வேறு சில தசை நோய்களும் பார்க்க இதே மாதிரி இருக்கும். டிஸ்ட்ரோஃபின் மரபணு மனிதர்களிடம் உள்ள மிக நீளமான மரபணுக்களில் ஒன்று: 22 லட்சத்துக்கும் மேற்பட்ட டி.என்.ஏ. எழுத்துகள், புரதத்துக்கான குறிப்பு 79 எக்ஸான் துண்டுகளில். இவ்வளவு நீளமான மரபணுவில் பிழை விழ வாய்ப்பும் அதிகம். பெரும்பாலோரிடம் ஒன்றோ பலவோ எக்ஸான்கள் காணாமல் போயிருக்கும். ஆகவே முதலில் எம்.எல்.பி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. அதில் கிடைக்காவிட்டால் மரபணுவை முழுதாக வரிசைப்படுத்திப் பார்ப்பார்கள். தசையை வெட்டி எடுத்துப் பார்க்கும் தேவை இப்போது அநேகமாக இல்லை.

மரபணு எழுத்துகள் மூன்று மூன்றாகப் படிக்கப்படுகின்றன. காணாமல் போன எழுத்துகளின் எண்ணிக்கை மூன்றால் வகுபட்டால், நடுவில் கொஞ்சம் குறைந்தாலும் மீதி சரியாகவே படிக்கப்படும். குட்டையான, ஓரளவு வேலை செய்யும் டிஸ்ட்ரோஃபின் கிடைக்கும். அது பெக்கர் என்ற மிதமான தசைச்சிதைவு வகை, மெதுவாகப் போகும். வகுபடாவிட்டால் அதற்குப் பின் வருவதெல்லாம் குழம்பி, புரதமே உருவாகாது. அது டுஷென். இந்தக் கணக்குக்கு விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பெரும்பாலும் பொருந்தும். மரபணு ரிப்போர்ட்டின் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த எக்ஸான்கள் என்ற அந்த ஒரு வரியை வைத்துத்தான் எந்த மருந்து பொருந்தும் என்பது முடிவாகும்.

ஓடியாட வைக்கலாமா? விளையாடட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் பயிற்சி என்று விரட்டாதீர்கள். எடை தூக்குவது, ஓயாமல் குதிப்பது, நிறையப் படிகள் இறங்குவது எல்லாம் இந்தத் தசைக்கு ஆகாது. நீளும்போதே விசை தாங்கும் அசைவுகளில்தான் மேலுறை அதிகம் கிழிகிறது. நீச்சல் நல்லது. தினமும் குதிகால் தசைநாணை இழுத்து நீட்டும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். விளையாடிய பிறகு சிறுநீர் கறுத்த பழுப்பு நிறத்தில் போனால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்றைய தேதிக்கு எல்லா டுஷென் குழந்தைகளுக்கும் அடிப்படையான மருந்து ஸ்டீராய்டு தான்: பிரெட்னிசலோன் அல்லது டெஃப்ளசகார்ட். இவை நோயைக் குணப்படுத்தாது. ஆனால் நடக்கும் காலத்தை நீட்டிக்கின்றன. முதுகெலும்பு வளைவதைத் தள்ளிப்போடுகின்றன. மூச்சுத் தசைகளைக் காக்கின்றன. எடை கூடுதல், உயரம் குறைதல், எலும்பு மெலிதல், கண்புரை என்று பக்கவிளைவுகள் இருக்கின்றன, மறைக்கவில்லை. இருந்தாலும் என் மகனாக இருந்தால் கொடுப்பேன். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் பாக்கி இருந்தால் ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். தொடங்கிய பிறகு ஒருபோதும் திடீரென்று நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்து. இதயமும் தசைதான் என்பதால் இப்போதிருந்தே வருடா வருடம் எக்கோ பார்க்க வேண்டும். 10 வயதுக்குள் இதயத்தைக் காக்கும் மாத்திரையும் தொடங்குவது வழக்கம்.

ஊசி விஷயம். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, குழம்பிய இடத்துக்குப் பக்கத்து எக்ஸானைத் தாண்டிப் படிக்கவைத்து, டுஷெனை பெக்கர் போல ஆக்கப் பார்க்கும் மருந்துகள். 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எடெப்லிர்சன் முதலாவது. அது எக்ஸான் 51ஐத் தாண்டவைப்பது. ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்குத்தான் பொருந்தும். உண்டாகும் டிஸ்ட்ரோஃபினும் மிகச் சொற்பம். இன்னொன்று மரபணு சிகிச்சை. அதைச் சுமந்து செல்லும் வைரஸில் 5,000 எழுத்துகளுக்குள்தான் இடம். டிஸ்ட்ரோஃபின் புரதத்துக்கான குறிப்பு மட்டுமே 11,000க்கு மேல். ஆகவே மிகச் சுருக்கிய 'மைக்ரோ டிஸ்ட்ரோஃபின்' குறிப்பை அனுப்புகிறார்கள். 2023இல் அமெரிக்கா ஒன்றை அனுமதித்தது. 2025இல், நடக்கும் திறனை இழந்திருந்த நோயாளிகள் சிலர் அதன் பிறகு கல்லீரல் செயலிழந்து இறந்ததால் பயன்பாட்டைச் சுருக்கிவிட்டார்கள். நம்பிக்கை தரும் துறைதான், ஆனால் வீட்டை விற்று ஓடும் அளவுக்கு இன்னும் வரவில்லை. 'ஸ்டெம் செல் போட்டுக் குணமாக்குகிறோம்' என்று அழைப்பவர்கள் பக்கம் போகவே போகாதீர்கள். இந்த நோய்க்கு அது பலன் தரும் என்று நிரூபிக்கப்படவில்லை.

ஒன்றை மறக்காமல் எழுதி வையுங்கள். பல் பிடுங்க, எலும்பு முறிவுக்கு என்று எப்போது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தாலும் 'டுஷென்' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சக்ஸினைல்கோலின் என்ற ஊசியும், முகர்ந்து மயங்கவைக்கும் வாயுக்களும் இந்தக் குழந்தைகளுக்குத் தசையைச் சிதைத்து, ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி, இதயத்தை நிறுத்திவிடக்கூடும். பாதுகாப்பான மாற்று மருந்துகள் இருக்கின்றன.

கடைசியாக உங்கள் தங்கை. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாய் பிழையைச் சுமப்பவர் என்றால், பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு. ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளிடம் பிழை புதிதாகவே தோன்றியது. தாயின் ரத்தத்தில் அது இருக்காது. உங்களிடம் இல்லை என்று வந்தால் தங்கைக்குக் கவலை வேண்டாம். ஆனாலும் சில நேரம் கருமுட்டைகளில் மட்டும் பிழை ஒளிந்திருப்பதுண்டு. அதனால் உங்களுடைய அடுத்த கர்ப்பத்தைச் சோதித்தாக வேண்டும். உங்களிடம் பிழை இருந்தால், சில வருடங்களுக்கு ஒருமுறை உங்கள் இதயத்தையும் எக்கோவில் பார்க்க வேண்டும், பிழையைச் சுமக்கும் பெண்களுக்கும் இதயம் பலவீனமாகலாம். தங்கைக்கு சி.கே. மட்டும் பார்த்து, சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பிழையைச் சுமக்கும் பலருக்கு அது இயல்பாகவே இருக்கும். கருவைச் சோதிக்கும் நஞ்சுக்கொடித் திசுப் பரிசோதனையை 11 முதல் 13 வாரத்துக்குள் செய்ய வேண்டும். அதனால் மகனின் எம்.எல்.பி.ஏ.வுக்கு இந்த வாரமே ரத்தம் கொடுங்கள். அன்றைக்கே தங்கையையும் மரபணு ஆலோசகரிடம் அழைத்துப் போய், கர்ப்பம் எத்தனை வாரம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.