புரட்சியை நடித்துப் பார்த்தல் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு கற்பிக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சியை வெறும் பாடமாகச் சொல்லிக் கடக்க மனமில்லாமல், நாற்பது மாணவர்களையும் குழுக்களாகப் பிரித்து நடிக்க வைத்தேன். வசனங்களை நானே எழுதிக் கொடுத்தேன். பாஸ்டில் சிறையைத் தாக்கினார்கள். அட்டையில் செய்த கில்லட்டினில் அரசரின் தலையை வெட்டினார்கள். வகுப்பே கைதட்டிச் சிரித்தது. பதினாறாம் லூயியாக நடித்த மாணவனை ஒரு வாரம் கேலி செய்தார்கள். பிறகு வைத்த தேர்வில், அரசருக்கு ஏன் மரண தண்டனை விதிக்கப்பட்டது என்ற கேள்விக்குப் பலர் எழுதிய விடை, ‘அவர் கெட்டவர்’ என்ற ஒரே வரி. இது நேர விரயம் என்கிறார்கள் உடன் பணியாற்றுபவர்கள். இம்முறையைக் கைவிட்டுவிடலாமா? தொடர்வதென்றால், பெண்களுக்கு இடமே இல்லாத அந்த அவையில் என் மாணவிகளை எங்கே நிறுத்துவது?

ஒரு வரலாற்று ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

கைவிட வேண்டாம். மாற்ற வேண்டியது ஒன்றுதான்: வசனத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். முடிவு தெரிந்த காட்சியை நடிக்கும் மாணவன் எதையும் முடிவு செய்வதில்லை. 1789 மே மாதம் வெர்சாய் நகரில் கூடியவர்களோ, அடுத்த மாதம் என்ன நடக்கும் என்பதை அறியாமல்தான் ஒவ்வொரு நாளும் முடிவெடுத்தார்கள். அந்த அறியாமையை மாணவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் நடித்துப் பார்த்தலின் பயன் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருப்பது நல்வாய்ப்பு. 1614க்குப் பிறகு முதன்முறையாக 1789 மே 5 அன்று வெர்சாயில் கூடிய எஸ்டேட்ஸ் ஜெனரலில், அதாவது மூன்று சமூகப் பிரிவுகளின் அவையில், குருமார்களுக்கு ஏறத்தாழ 300 பேர், பிரபுக்களுக்கு ஏறத்தாழ 300 பேர், மற்ற மக்கள் அனைவரும் அடங்கிய மூன்றாம் எஸ்டேட்டுக்கு ஏறத்தாழ 600 பேர் பிரதிநிதிகளாக இருந்தார்கள். உங்கள் வகுப்பில் அது பத்து, பத்து, இருபது. மக்கள்தொகையின் அளவுப்படி பிரித்தால் முதல் இரண்டு பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரு மாணவர்கூடத் தேறமாட்டார் என்பதை முதலிலேயே கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டிவிடுங்கள். பிறகு, வரிவிலக்குகளை நீக்கலாமா என்ற ஒரு தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுங்கள். பிரிவுக்கு ஒரு வாக்கு என்றால் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்மானம் தோற்கும். தலைக்கு ஒரு வாக்கு என்றால் இருபதுக்கு இருபது என்று சமமாக நிற்கும். மூன்றாம் எஸ்டேட்டின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க 1788 டிசம்பரில் ஒப்புக்கொண்ட அரசர், எப்படி வாக்களிப்பது என்பதைத் தீர்மானிக்காமல் விட்டது எவ்வளவு பெரிய பிழை என்பதை அப்போது எந்த விரிவுரையும் இல்லாமல் அவர்களே கண்டுகொள்வார்கள்.

சமநிலையை உடைத்தவர்கள் யார் என்பதையும் அவர்களே தேடட்டும். குருமார்களாக இருக்கும் பத்துப் பேரில் ஏழு பேருக்கு நீங்கள் கொடுக்கும் அட்டையில், ‘நீ ஆயர் அல்ல, ஓர் எளிய கிராமப் பங்குத்தந்தை’ என்று எழுதியிருக்க வேண்டும். உண்மையிலும் குருமார் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் அத்தகையவர்களே. ஜூன் 13 அன்று புவாத்து பகுதியின் மூன்று பங்குத்தந்தைகள் எழுந்துபோய் மூன்றாம் எஸ்டேட்டுடன் அமர்ந்தார்கள். ஒரு மாணவன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகும் அந்தக் கணத்தில் வகுப்பு எப்படி அமைதியாகும் என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

பசியை மட்டும் நடிக்கச் சொல்லாதீர்கள். 1788 ஜூலையின் ஆலங்கட்டி மழையும், பொய்த்த விளைச்சலும், அதன்பின் வந்த கடுங்குளிரும் ரொட்டி விலையை உயர்த்தியபோது பாரிஸின் ஏழைகள் பட்ட பாட்டை, சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டுவது அந்த ஏழைகளுக்கும் மரியாதை அல்ல, பாடத்துக்கும் உதவாது. மாறாக, முதல் நாளே ஒவ்வொரு குழுவையும் ஒரு கிராமத்தின் குறைப்பதிவேட்டை எழுதச் சொல்லுங்கள். 1789ல் பிரான்ஸ் முழுவதும் மக்கள் அத்தகைய பதிவேடுகளை எழுதினார்கள். உப்புவரி, தேவாலயத்துக்குச் செலுத்தும் தசமபாகம், பிரபுவின் வேட்டை உரிமை, வயலில் இறங்கித் தானியத்தைத் தின்னும் பிரபு வீட்டுப் புறாக்கள் என்று அவற்றில் இருந்த குறைகள் மிகத் திட்டவட்டமானவை. அவற்றில் பெரும்பாலானவை அரசரைத் தங்களுக்கு நல்லது செய்யக்கூடியவராகவே கருதி எழுதப்பட்டன. இதை ஒருமுறை எழுதிப் பார்த்த மாணவர் ‘அவர் கெட்டவர்’ என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்.

இன்னொரு பாத்திரத்தையும் தவறாமல் கொடுங்கள். ஜூன் 20 அன்று, அரசியலமைப்பை உருவாக்கும்வரை கலைவதில்லை என்று மூன்றாம் எஸ்டேட்டினரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் டென்னிஸ் மைதானத்தில் உறுதிமொழி எடுத்தபோது, மார்ட்டின் தோஷ் என்ற ஒரே ஒருவர் மறுத்தார். அரசரின் ஒப்புதல் இல்லாத ஒன்றுக்குத் தன்னால் சத்தியம் செய்ய முடியாது என்றார். சுற்றிலும் கூச்சல் எழுந்தும், தன் பெயருக்கு அருகே ‘எதிர்ப்பவர்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தப் பெயர் அடிக்கப்படாமல் அப்படியே விடப்பட்டது. உங்கள் வகுப்பு ஒரு வாரம் கேலி செய்தது தனியாக நின்ற ஒரு பிள்ளையை என்பதால், இந்த இடத்தில் சற்று நிறுத்தி, அவரை என்ன செய்யலாம் என்று மற்ற முப்பத்தொன்பது பேரையும் கேளுங்கள்.

கில்லட்டின் வேண்டவே வேண்டாம். கொலையை விளையாட்டாக்கினால் சிரிப்புத்தான் வரும். அதற்காகப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நடிக்க வேண்டியது, அரசரை விசாரித்த தேசிய மாநாடு என்ற அவையில் அதற்கு முன் நடந்த வாக்கெடுப்பை. 1793 ஜனவரி 16 மாலையில் தொடங்கி இரவு முழுதும் நீண்டு மறுநாளும் தொடர்ந்த அந்த வாக்கெடுப்பில், ஒவ்வொரு உறுப்பினரும் மேடையேறித் தம் முடிவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. மரண தண்டனைக்கு 387 பேர், வேறுவிதமாக 334 பேர். அரசரின் உறவினரான ஃபிலிப் எகாலிதே மரணத்துக்கு வாக்களித்தார். அதே ஆண்டு நவம்பரில் அவருடைய தலையும் வெட்டப்பட்டது. அவையின் உறுப்பினரும் மன்னராட்சியைக் கடுமையாக எதிர்த்த எழுத்தாளருமான தாமஸ் பெய்ன் கொல்ல வேண்டாம் என்று வாதாடினார். உங்கள் மாணவர்களும் ஒவ்வொருவராக முன்னே வந்து, முடிவையும் அதற்கான ஒரு காரணத்தையும் சொல்லட்டும். லூயியின் வேடத்தை யாருக்கும் தர வேண்டாம். ஒரு காலி நாற்காலி போதும். வாக்கெடுப்பு நடந்தபோது அவரும் அவையில் இல்லை, டெம்பிள் சிறையில் இருந்தார். வகுப்பு அவரை உயிரோடு விட முடிவு செய்தால் திருத்தாதீர்கள். மணி அடிப்பதற்குக் கால்மணி நேரம் முன்பாகப் பெயரட்டைகளைக் கழற்றி வைக்கச் சொல்லி, அவரவர் சொந்தப் பெயரில் பேச வையுங்கள்: அட்டையில் இருந்தவருக்காக நீ சொன்னதில் எதை நீயும் நம்புகிறாய்? எங்கே தடுமாறினாய்? வரலாற்றில் நடந்ததை அதன் பிறகு சொல்லுங்கள். நேர விரயம் என்பவர்களை ஒருமுறை இந்தக் கால்மணி நேரத்துக்கு அழைத்து உட்கார வையுங்கள்.

மாணவிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களும் பிரதிநிதிகளாக நடிக்கட்டும். அன்று வாக்கு இல்லாததற்காக இன்றும் பேச்சை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவருக்கு மட்டும் ஓலம்ப் து கூஜின் பாத்திரத்தைக் கொடுத்துப் பார்வையாளர் வரிசையில் அமர வையுங்கள். 1791ல் பெண்களின் உரிமைப் பிரகடனத்தை எழுதியவர் அவர். 1792 டிசம்பரில், விசாரணையில் அரசருக்காக வாதாட முன்வந்து எழுதினார், அவை ஏற்கவில்லை. 1793 நவம்பர் 3 அன்று அவரும் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார். அரசரைக் கொல்லக் கூடாது என்பதற்கான காரணங்களை அம்மாணவி முதல் நாளே கடிதமாக எழுதி வைத்திருக்கட்டும். வாக்கெடுப்புக்கு முன் அவர் எழுந்து அதை வாசிக்க அனுமதி கேட்கட்டும். அனுமதிப்பதா மறுப்பதா என்பதையும் அவையே முடிவு செய்யட்டும். நீங்கள் குறுக்கிட வேண்டாம்.

அன்புடன்.