21 நாள் பயணத்துக்கு 48 மாதக் கடன் தேவையா?

கேள்வி: நானும் என் கணவரும் எட்டு மாதம் கழித்து பைக்கில் நீண்ட பயணம் போக இருக்கிறோம். ஒரே பைக், இரண்டு பேர், 21 நாள், சுமார் 5,500 கி.மீ. கடைசி நான்கு நாள் எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்கும் போய்வர ஆசை. இதற்கென்று இரண்டு மாத வீட்டுச் செலவுக்குச் சமமான தொகை சேர்த்திருக்கிறோம். அதுபோக ஐந்து மாதச் செலவுக்கான பணம் டெபாசிட்டில் இருக்கிறது. இப்போதுள்ள பைக் 32,000 கி.மீ. ஓடியது. பெரிய பைக் ஒன்றை 48 மாதக் கடனில் வாங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், முன்பணத்தை டெபாசிட்டிலிருந்து எடுக்கலாம் என்கிறார் கணவர். அவருக்கு மாதச் சம்பளம். நான் வீட்டிலிருந்து தையல் தொழில் செய்கிறேன், வீட்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு என் வருமானம். கடனை நினைத்தால் பயமாக இருக்கிறது, பயணத்தைக் கெடுக்கவும் மனமில்லை. என்ன செய்வது?

பதில்: பயணத்தைக் கைவிடாதீர்கள். தனியாகப் பணம் சேர்த்துவைத்து, எட்டு மாதம் முன்னதாகவே கேட்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. என் ஆட்சேபம் முழுக்க அந்த பைக் கடன் மேல்தான்.

48 மாதம் என்றால் கிட்டத்தட்ட 1,460 நாள். அதில் பயணம் வெறும் 21 நாள், மீதி நாளெல்லாம் அந்த பைக் அலுவலகத்துக்கும் கடைக்கும்தான் போகும். மாதத் தவணையோ நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அதைவிட முக்கியம் டெபாசிட். உங்கள் வீட்டில் ஒரு வருமானம் நிலையானது, இன்னொன்று ஆர்டர் வந்தால்தான் உண்டு. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஆறு மாதச் செலவாவது அவசரப் பணமாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. ஏற்கனவே ஒரு மாதம் குறைவு. அதில் முன்பணத்தையும் எடுத்துவிட்டால், தவணையும் புதிதாகச் சேர, காப்பு குறைகிற அதே நேரத்தில் பொறுப்பு கூடுகிறது. எடுக்காதீர்கள்.

ஆனால் உங்கள் கணவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கலாம், அதைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள். பைக்கோடு வந்த கையேட்டில் அதிகபட்ச சுமை எவ்வளவு என்று போட்டிருக்கும். அது சாமானுக்கு மட்டுமான அளவு என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர், சாமான், பெட்டிகள் எல்லாம் அதற்குள்தான் வர வேண்டும். உதாரணத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து 130 கிலோ என்று வையுங்கள். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் இருவருக்குமாக 14 கிலோ, உலோகப் பெட்டிகளும் அதைத் தாங்கும் கம்பிகளும் 14, துணிமணி, கருவிகள், தண்ணீர் 15. மொத்தம் 173. கையேட்டில் 170 என்றிருந்தால் கிளம்பும்போதே வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், பிரேக்கும் டயரும் அதற்கான விலையைக் கேட்கும். உலோகப் பெட்டிக்குப் பதில் துணிப் பைகள் போட்டாலே சில கிலோ குறையும். அப்படியும் தாங்காது என்றால் பெரிய பைக்கை வாடகைக்கு எடுங்கள். வாடகை அதிகம்போலத் தெரியும், ஆனால் அது 21 நாளில் முடிந்துவிடும்.

பழைய பைக்கிலேயே போவதானால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே செயின், அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், பின் டயர் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். 32,000 கி.மீ. ஓடிய பைக்கில் இதில் பாதியாவது மாற்றவேண்டி வரும். பயணப் பணத்தில் முதல் செலவு இதுதான். நானும் என் மனைவியும் சில ஆண்டுகளுக்கு முன் போனபோது, பின் டயர் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்படியே கிளம்பிவிட்டேன். சுமையோடு நெடுஞ்சாலையில் நேராகவே ஓடிக்கொண்டிருந்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தட்டையாகத் தேயும். ஒன்பதாம் நாள் காலையில் விரல் நகத்தை டயரின் நடுவில் உள்ள பள்ளத்துக்குக் குறுக்கே வைத்து இழுத்துப் பார்த்தேன், நகம் எதிலும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. அந்தச் சின்ன ஊரில் எங்கள் அளவு டயர் இல்லை, வரவழைக்க இரண்டு நாள் ஆனது. டயர் விலையைவிட இரண்டு இரவு அறை வாடகையும் சாப்பாடும்தான் கூட.

அப்புறம், நீங்கள் கணக்கில் சேர்க்காத ஒரு செலவு இருக்கிறது, உங்கள் வருமானம். கணவருக்கு விடுப்பிலும் சம்பளம் வரும், உங்களுக்கு வராது. மூன்று வாரம் தையல் இல்லை என்றால் உங்கள் கணக்குப்படியே ஏறக்குறைய கால் மாத வீட்டுச் செலவு போகிறது. சேர்த்துவைத்த இரண்டு மாதத்தில் இதை முதலிலேயே கழித்து ஒதுக்குங்கள். வீட்டில் சமையல் இல்லாததால் கொஞ்சம் மிச்சமாகும்தான், ஆனால் திரும்பி வந்ததும் புது ஆர்டர் பிடிக்கச் சில நாள் ஆகும், அதற்கு அது சரியாகப் போய்விடும்.

தூரத்தையும் கொஞ்சம் பாருங்கள். 21 நாளில் ஐந்து நாள் ஓய்வு என்றால் மீதி 16 நாளில் தினமும் 340 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும். இருவரும் சாமானுமாக இது கடினம். பணத்தில் அது எப்படித் தெரியும் என்றால், இருட்டிய பிறகு இடுப்பு ஒடிந்து வந்து இறங்குகிறவர்கள் அறை வாடகையைப் பேரம் பேசுவதில்லை, கண்ணில் பட்ட முதல் இடத்தில் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். 4,500 கி.மீ. ஆகக் குறைத்தால் ஒரு நாளைக்கு 280 வரும், நான்கு மணிக்கே இறங்கி இரண்டு மூன்று இடம் பார்க்கலாம். வேகமும் அப்படித்தான். மணிக்கு 80 கி.மீ.க்குப் பதில் 100-ல் போனால் எதிர்க்காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிறது, பக்கத்தில் பெட்டிகள் வேறு. பெட்ரோல் கணக்கு எகிறுவது இப்படித்தான்.

எல்லை தாண்டும் அந்த நான்கு நாளை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பேன். சில நாடுகள் பைக்கை உள்ளே விட கார்னே என்ற சுங்க ஆவணம் கேட்கும். அதை வாங்க வண்டியின் மதிப்பை வைத்து ஒரு பெரிய தொகையை உத்தரவாதமாகக் கட்ட வேண்டும். திரும்பக் கிடைக்கும் பணம்தான், ஆனால் எல்லா முத்திரையும் சரியாக விழுந்து ஆவணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை அது முடங்கிக் கிடக்கும். உங்களிடம் அப்படி முடக்கப் பணம் இல்லை. சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அந்த நாட்டில் செல்லும் காப்பீடு எல்லாம் தனி. நான்கு நாளுக்கு இது அதிகம்.

காப்பீட்டைப் பற்றி உங்களிடமே சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் உட்காரப் போவது நீங்கள். பல பைக் பாலிசிகளில் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளர்-ஓட்டுநருக்கு மட்டும்தான், பின்னால் இருப்பவருக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். இன்றைக்கே பாலிசியை எடுத்துப் படியுங்கள். கை ஒடிந்தால் உங்கள் கணவர் சம்பளத்தோடு விடுப்பு எடுக்கலாம், உங்களுக்கோ கைதான் தொழில். அதேபோல உங்கள் ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் அவருடையதற்குச் சமமான தரத்தில் இருக்கட்டும். எதில் குறைத்தாலும் இதில் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கணவரிடம் பைக் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. தவணை கட்ட முடியும் என்கிறார் அல்லவா, அதே தொகையை இந்த மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். எட்டு மாதமும் தவறாமல் போட்டுவிட்டால் டெபாசிட்டைத் தொடாமலே முன்பணம் கையில் இருக்கும், திரும்பி வந்ததும் நிதானமாக வாங்கட்டும். இரண்டு மாதம் தவறினால், அந்தத் தவணை உங்கள் வீட்டுக்கு அதிகம் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு முழுச் சாமானோடு 500 கி.மீ. போய்வாருங்கள். பெட்ரோல், அறை, சாப்பாடு, டீ என ஒவ்வொன்றையும் எழுதிவையுங்கள். அந்த ஒரு இரவு அறை வாடகையை 20 ஆலும், மற்றச் செலவின் ஒரு நாள் சராசரியை 21 ஆலும் பெருக்கிக் கூட்டி, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டி வேலைக்கும், ஹெல்மெட், காப்பீட்டுக்கும், உங்கள் வருமானத்துக்கும் ஒதுக்கியது போக மிச்சமுள்ள பயணப் பணத்துக்குள் அது அடங்கவில்லை என்றால் நாளைக் குறையுங்கள், 16 நாள் போனாலும் போதும். அந்த இரண்டு நாள் கணக்கை எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.