கட்லட்டை எதுவரை செய்து வைக்கலாம்? கிறிஸ்துமஸ் பலகாரக் கேள்வி பதில்

கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துகளை ஒட்டிக் குமரி மாவட்டத்திலிருந்தும், கேரள எல்லையோரத்து மற்ற ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஆளாளுக்கு வேறு பலகாரத்தைச் சொன்னாலும், விருந்தாளி வந்த பிறகு அடுப்படியிலேயே நிற்காமல் இருக்க என்ன வழி என்பதுதான் எல்லோருடைய கவலையும். ஒவ்வொரு பலகாரத்துக்கும் நிறுத்தி வைக்க ஒரு கட்டம் உண்டு. பருப்பு வடைக்கு அது அரைத்த பருப்பு. கட்லட்டுக்கு ரஸ்க் தூள் புரட்டிய வில்லை. பழ பஜ்ஜிக்கு அப்படி ஒரு கட்டமே இல்லை. அந்தக் கட்டம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சூரை மீன் கட்லட்டை முந்தின நாளே தட்டி ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் எண்ணெயில் போட்டதும் பாதிக்கு மேல் உடைந்து கலங்கிவிட்டது. 24ஆம் தேதி ராத்திரி பூசை முடிந்து 20 பேர் வீட்டுக்கு வருவார்கள். இந்தத் தடவை உடையாமல் எப்படிச் செய்வது? (மார்த்தாண்டம்)

உடைப்பது உள்ளே நிற்கும் தண்ணீர்தான். சூடான எண்ணெயில் அது ஆவியாகி வெளியே வர வழி தேடும்; மேல் பூச்சு கொஞ்சம் பலவீனமாக இருக்கும் இடத்தில் கிழித்துக்கொண்டு வரும். அதனால் கலவையில் சேரும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக உலர்த்த வேண்டும்.

முள், தோல் நீக்கிய சூரை அரை கிலோ, உருளைக்கிழங்கு 300 கிராம், பொடியாக நறுக்கிய வெங்காயம் 150 கிராம், இஞ்சி இரண்டு அங்குலம், பச்சை மிளகாய் 5, கறிவேப்பிலை இரண்டு கொத்து, மிளகுத்தூள் ஒன்றரை தேக்கரண்டி, கரம் மசாலா அரை தேக்கரண்டி. இதில் 35 கிராம் அளவில் இருபதுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். ஆளுக்கு இரண்டு வேண்டுமென்றால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குங்கள்.

கிழங்கைத் தோலோடு முழுதாக வேகவையுங்கள். தோல் சீவித் துண்டு போட்டு வேகவைத்தால் தண்ணீரைக் குடித்துவிடும். சூட்டோடு உரித்து, தட்டில் பரப்பி மசித்தால் ஆவி போய்விடும். மீனை மஞ்சள், உப்பு, மிளகு சேர்த்துக் கால் கப் தண்ணீரில் 8 முதல் 10 நிமிடம் வேகவைத்து, உதிர்த்து, ஒரு தடவை கையால் பிழிந்துவிடுங்கள். வெங்காயம், இஞ்சி, மிளகாய் மூன்றும் கண்ணாடிப் பதம் தாண்டி, சட்டியில் ஈரமே தெரியாத அளவுக்கு வதங்க வேண்டும். எல்லாம் ஆறிய பிறகே பிசையுங்கள். சூடாகப் பிசைந்து மூடினால் உள்ளேயே வியர்க்கும்.

ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் தட்ட வேண்டாம். அடித்த முட்டை வெள்ளையில் முக்கி, ரஸ்க் தூளில் புரட்டி, மறுபடியும் ஒருமுறை அதேபோல் செய்யுங்கள். இரட்டைப் பூச்சு இருந்தால் விளிம்பு கிழியாது. இனிப்பு ரஸ்க் வேண்டாம். உள்ளே சூடேறும் முன்பே சர்க்கரை கருகி வெளியே கறுத்துவிடும். பழைய ரொட்டியைக் காயவைத்துப் பொடித்தது நல்லது.

நிறுத்த வேண்டிய கட்டம் இதுதான். ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். அதற்கு மேல் என்றால் ஃபிரீசர்: தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி 4 மணி நேரம் வைத்து, கல்லானதும் பையில் போட்டு மூடினால் ஒரு மாதம் இருக்கும். பொரிக்கும்போது உறைந்த நிலையிலேயே எண்ணெயில் போடுங்கள். வெளியே எடுத்து இளகவைத்தால் மேல் பூச்சில் நீர் கோத்து, போன தடவை நடந்ததுதான் மறுபடியும் நடக்கும். மிதமான தீயில் நான்கு நான்காக 5, 6 நிமிடம். ஒன்றைப் பிட்டுப் பாருங்கள், நடுவில் ஆவி வர வேண்டும்.

பூசைக்குப் போகும் முன் பொரித்து மேசையில் மூடி வைத்துவிட்டுப் போவது வேண்டாம். சமைத்த மீன், இறைச்சி, முட்டைப் பலகாரங்கள் அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வந்தபின் பொரிக்க இருபதுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம், இரட்டிப்பு அளவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் மாலையிலேயே பொரித்து, ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் வைத்து, வந்ததும் ஓவனில் 200 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்குங்கள். ஹாட்பாக்ஸில் அடைத்தால் மொறுமொறுப்பு போய்விடும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கவனியுங்கள். சூரை, அயலை இரண்டும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். வேகவைத்தாலும் பொரித்தாலும் உறையவைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி வரும். ஐஸில் இருக்கும் மீனை வாங்கி, நேராக வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பருப்பு வடையைப் பாதி பொரித்து வைக்கலாமா? கோழியையும் அப்படி வைக்கலாமா? (செங்கோட்டை)

வடையை வைக்கலாம், கோழியை வைக்கக் கூடாது.

அரை கிலோ கடலைப்பருப்பில் 40 சின்ன வடை வரும். 2 மணி நேரம் ஊறினால் போதும். அதற்கு மேல் ஊறிய பருப்பு நீர் கோத்து, மாவு தளர்ந்து எண்ணெய் குடிக்கும். அரை மணி நேரம் வடிகட்டியில் போட்டு வைத்து, ஒரு பிடியை முழுசாக எடுத்து வைத்துவிட்டு, வற்றல் மிளகாய், சோம்போடு தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரையுங்கள். இந்த மாவு மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் மறுநாள் வரை நிற்கும். உப்பு, வெங்காயம், கறிவேப்பிலை, எடுத்து வைத்த பருப்பு நான்கும் தட்டுவதற்குச் சற்று முன்புதான். உப்புப் பட்ட வெங்காயம் அரை மணியில் நீர் விட்டுவிடும். அதைச் சரிக்கட்ட அரிசி மாவு சேர்ப்பார்கள், வடை கடிக்க முடியாமல் போகும்.

பாதி பொரிப்பது என்றால் மிதமான தீயில் 3 நிமிடம், வெளிர் மஞ்சளாக எடுத்து, தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். ஆட்கள் வந்ததும் நல்ல சூட்டில் 2 நிமிடம். இரண்டாவது பொரிப்பில் மேல் ஈரம் போய்விடுவதால் நேரடியாகப் பொரித்ததைவிட மொறுமொறுப்பாகவே வரும். இடைவெளி 2 மணி நேரத்துக்குள் இருக்கட்டும்.

உளுந்து வடை வேறு மாதிரி. அதன் மென்மை மாவில் அடைபட்ட காற்றினால் வருவது. ராத்திரி முழுக்க வைத்தால் காற்றும் போகும், புளிப்பும் ஏறும். காலையில் உப்பில்லாமல் அரைத்து ஃபிரிட்ஜில் வைத்து மாலையில் சுடலாம். சுடும் முன் உப்புச் சேர்த்துக் கையால் நன்றாக அடித்து, ஒரு துளியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதந்தால் சரி.

கோழி பாதி வெந்த நிலையில் இளஞ்சூடாக இருப்பது கிருமிகள் பெருகத் தோதான நிலை. அதை மசாலாவோடு நிறுத்துங்கள். அரை கிலோ எலும்பில்லாத துண்டுக்கு 2 மேசைக்கரண்டி தயிர், ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, 2 தேக்கரண்டி மிளகாய்த்தூள், மிளகு, உப்பு. ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் இருக்கலாம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ அப்போதே ஊற்றினால் மேல் சதை மாவாகிவிடும். அதையும் சோளமாவு, முட்டையையும் பொரிக்கும் முன் சேர்த்து, ஒரே தடவையில் முழுதாக வேகும்படி பொரித்துவிடுங்கள்.

ஏத்தன்பழ (நேந்திரம்பழ) பஜ்ஜி? (நாகர்கோவில்)

முன்கூட்டிச் செய்யாதீர்கள். நறுக்கிய பழம் கறுக்கும், பொரித்தது அரை மணி நேரத்தில் தொய்ந்துவிடும். மைதா ஒரு கப், அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, உப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் உலர்ந்தபடி கலந்து டப்பாவில் வைப்பது வரை சரி. கரைப்பதும் நறுக்குவதும் அப்போதைக்கு அப்போது.

எண்ணெய்ப் பலகாரமே வேண்டாம் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) விருந்துக்கு வைக்கலாமா? (குலசேகரம்)

தாராளமாக வைக்கலாம். காந்தாரி மிளகாய் சம்மந்தியோடு (துவையல்) வைத்தால் முதலில் காலியாகும் தட்டு அதுதான்.

பிடுங்கி இரண்டு நாளுக்குள் உள்ள கிழங்கு வாங்குங்கள். ஒன்றை ஒடித்துப் பாருங்கள். உள்ளே நீலமோ கறுப்போ கோடு ஓடியிருந்தால் வேண்டாம். மேல் தோலோடு, அதன் அடியில் இருக்கும் இளஞ்சிவப்பான தடித்த தோலையும் உரித்து எறிய வேண்டும். கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இயற்கையாகவே உண்டு, தோல் பக்கம் அது அதிகம். 3 சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவையுங்கள். ஒரு கொதி வந்து பத்து நிமிடம் ஆனதும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு கொதிநீர், உப்பு, மஞ்சள் சேர்த்து வேகவைத்து வடியுங்கள். குக்கரில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி அதையே வற்றவிடுவது கூடாது.

இதை முந்தின நாளே வேகவைத்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். குளிர்ந்ததும் கிழங்கு இறுகும், பயப்பட வேண்டாம். இட்லிப் பாத்திரத்தில் 8 நிமிடம் ஆவி காட்டினால் பழைய பதம் வந்துவிடும். இறுகிய துண்டுகள் உடையாமல் இருப்பதால் பல்குச்சி குத்தி வைக்கவும் வசதி. இளையவர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் வேண்டுமென்றால், அதே துண்டுகளை எண்ணெயில் பொரித்தால் வெளியே முறுகலாக, உள்ளே மாவாக இருக்கும்.

சம்மந்திக்குக் காந்தாரி 10, சின்ன வெங்காயம் 8, உப்பு, சுண்டைக்காய் அளவு புளி. அம்மியில் நசுக்கி, 2 மேசைக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றுங்கள். மிக்ஸியில் கூழாக்கினால் வெங்காயம் கசக்கும். அன்றைக்கே செய்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

வீட்டில் போட்ட நேந்திரங்காய்ச் சிப்ஸில் வெள்ளை படிந்திருக்கிறது. கெட்டுவிட்டதா? போன வருஷம் மூன்றே நாளில் நமத்தும் போனது. (கம்பம்)

வெள்ளை படிந்தது தேங்காய் எண்ணெய் உறைந்ததால். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். மார்கழி இரவில் உங்கள் ஊரில் இது சகஜம். சற்று வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் மறைந்துவிடும். சிக்கு வாடை அடித்தால்தான் கெட்டது. ஏற்கெனவே பலமுறை காய்ந்த எண்ணெயில் பொரித்ததாலோ, வெளிச்சமும் காற்றும் படும்படி வைத்ததாலோ அது வரும்.

நமத்துப்போவதற்குக் காரணம் அநேகமாக உப்பு நீர். ஒரு கிலோ காய்க்கு ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு, அரை தேக்கரண்டி மஞ்சள், கால் கப் தண்ணீர். காய் முக்கால் பதம் பொரிந்து, சலசலப்பு அடங்கத் தொடங்கும்போது ஒரு தேக்கரண்டி நீரை எட்ட நின்று ஊற்றுங்கள், தெறிக்கும். மறுபடியும் பெரிய சத்தம் எழும். அந்தச் சத்தம் முழுக்க அடங்கிய பிறகே அரித்தெடுக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து அவசரப்பட்டு எடுத்தால் ஊற்றிய நீரில் கொஞ்சம் உள்ளேயே தங்கி, மறுநாள் தொய்ந்துவிடும். இங்கே கண்ணைவிடக் காதை நம்புங்கள். இரண்டு மணி நேரம் பரப்பி ஆறவிட்டு, பிறகு டின்னில் அடையுங்கள்.

அச்சு முறுக்கு அச்சைவிட்டு வரமாட்டேன் என்கிறது. (தக்கலை)

அச்சு எண்ணெயில் போதுமான அளவு காயவில்லை, அல்லது மாவு அச்சின் மேல் விளிம்பைத் தாண்டி ஏறிவிட்டது, அல்லது சர்க்கரை கூடுதல். முதல் முறை 5 நிமிடம் எண்ணெயில் மூழ்கவைத்து, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்குங்கள். அச்சில் மாவு பிடிக்கவே இல்லையென்றால் அது அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. சில விநாடி ஆறவிடுங்கள். 2 கப் பச்சரிசி மாவு, அரை கப் மைதாவுக்கு அரை கப் பொடித்த சர்க்கரை போதும், ஒரு முட்டை, கெட்டித் தேங்காய்ப் பால். புது அச்சை ஒரு ராத்திரி கஞ்சித் தண்ணீரிலும், கழுவித் துடைத்து அடுத்த ராத்திரி தேங்காய் எண்ணெயிலும் ஊறவையுங்கள். முறுக்கு டின்னில் இரண்டு வாரம் நன்றாக இருக்கும், எனவே விருந்து வேலையை இதிலிருந்து தொடங்கலாம்.

தேங்காய்ச் சட்னியை முந்தின நாள் அரைத்தால் புளித்துப் போகிறது. வேறு என்ன தொட்டுக்கொள்ள? (கொழிஞ்சாம்பாறை)

துருவிய தேங்காயைப் பையில் மெல்லிசாகப் பரப்பி ஃபிரீசரில் வைத்து, விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வெந்நீர் விட்டு அரையுங்கள். முழுதாக முன்பே முடிக்க வேண்டுமென்றால் இஞ்சிப்புளி. புளியும் வெல்லமும் நன்றாக வற்றிக் கெட்டிப்பட்டிருந்தால் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும், கட்லட்டுக்கும் வடைக்கும் ஒன்றுபோல் பொருந்தும். புதினாச் சட்னி கறுக்காமல் இருக்க, இலையைக் கொதிநீரில் 10 விநாடி முக்கி ஐஸ் தண்ணீரில் போட்டெடுத்து அரையுங்கள்.

மழையில் கரண்ட் போனால் ஃபிரீசரில் வைத்ததெல்லாம் என்ன ஆகும்? (குளச்சல்)

திறக்காமல் இருந்தால், நிறைந்த ஃபிரீசர் ஏறக்குறைய 48 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். இது தனிக் கதவுள்ள ஃபிரீசருக்கான கணக்கு. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல்தட்டு இவ்வளவு தாங்காது. கீழே உள்ள ஃபிரிட்ஜ் பகுதிக்கு 4 மணி நேரம்தான். இடம் காலியாக இருந்தால் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி முதல் நாளே உறையவைத்து அடுக்குங்கள். கரண்ட் வந்ததும் பாருங்கள்: கட்லட் இன்னும் கல்லாக இருந்தாலோ, மேலே பனி மின்னினாலோ அப்படியே வைக்கலாம். மெத்தென்று இளகியும் சில்லென்று இருந்தால் அன்றைக்கே பொரித்துவிடுங்கள். குளிர் விட்டுப்போயிருந்தால், மீனும் இறைச்சியும் எவ்வளவு செலவானாலும் கொட்டிவிட வேண்டியதுதான்.