புதுப்பித்த செட்டிநாட்டு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கலாமா?

வணக்கம் சார். கானாடுகாத்தான் பக்கத்துக் கிராமத்தில் புதுப்பித்த பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது, சுவரெல்லாம் பளபளவென்று இருக்கிறது, முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பளபளப்புதான் எனக்கு இடிக்கிறது.

அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் பூசி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது. ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். என் மாமா வாங்கிய வீட்டில் இரண்டே மழைக்காலத்தில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து, தொட்டாலே மாவாகக் கொட்டியது. விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் பூச்சு விட்டுப்போயிருக்கிறது. ஐப்பசி மழையில் ஒருமுறை போய், முற்றத்துத் தண்ணீர் எங்கே வடிகிறது என்று பாருங்கள். தூண்கள் பர்மா தேக்குதானா, வேறு மரத்துக்கு வார்னிஷா என்று நல்ல ஆசாரியிடம் காட்டுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் புதிது என்றால் பரவாயில்லை, இன்றும் கையால்தான் செய்கிறார்கள்.

அப்புறம் பத்திரம். பெரிய தலைவலி இதுதான். இந்த வீடுகள் பெரும்பாலும் பங்காளிகளுக்குப் பொது. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்படி பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு உண்டு. விற்பவர் "எல்லாம் பேசிப் பிரித்தாச்சு" என்பார். பதிவு செய்யாத பாகப்பிரிவினை வில்லங்கச் சான்றில் வராது. மூலப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் உங்கள் வக்கீல் பார்க்கும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.