3300 கேவி மோட்டாருக்கு 3எஸ் லிப்போ பொருந்துமா?

1/10 அளவு ரிமோட் காரில் 3300 கேவி பிரஷ்லெஸ் மோட்டார் இருக்கிறது, 2எஸ் (இரண்டு செல்லைத் தொடராக இணைத்த) லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரிக்குப் பதிலாக 3எஸ் (மூன்று செல்) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வேகக் கட்டுப்படுத்தியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 2எஸ் வரை மட்டும் என்றால் பேச்சே வேண்டாம், புகைந்துவிடும்.

கேவி என்பது கிலோவோல்ட் அல்ல. சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு அது. முழுதாகச் சார்ஜ் ஏறிய லிப்போ செல் 4.2 வோல்ட். ஆக, 2எஸ்ஸில் 8.4 × 3300 = 27,720 சுற்று; 3எஸ்ஸில் 41,580. ஒரேயடியாக ஒன்றரை மடங்கு! கட்டுப்படுத்தி தாங்கினாலும், மோட்டார் தண்டிலுள்ள பினியனை (சிறிய பல்சக்கரத்தை) இரண்டு மூன்று பல் குறைவானதாக மாற்றிய பிறகே ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டி மோட்டாரின் வெப்பத்தை அளந்து பாருங்கள். 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் இன்னும் ஒரு பல் குறைக்க வேண்டும்.

பேட்டரி அதிகபட்சம் தரக்கூடிய மின்னோட்டத்துக்கு, ஆம்பியர்-மணிக் கொள்ளளவை உறையிலுள்ள சி எண்ணால் பெருக்குங்கள்: 5000 மில்லி ஆம்பியர்-மணி, 50சி என்றால் 5 × 50 = 250 ஆம்பியர். உறையில் எழுதியிருப்பதில் பாதியை நம்புவதே என் வழக்கம்.

இன்னொன்று. கட்டுப்படுத்தியை நிக்கல் பேட்டரி முறையிலேயே விட்டுவிட்டதால், என் முதல் லிப்போ அடியோடு வடிந்து தலையணைபோல் உப்பிவிட்டது. லிப்போ முறைக்கு மாற்றி, செல்லுக்கு 3.2 வோல்ட்டாக இறங்கியதும் மோட்டார் நிற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே செய்யாதீர்கள், தீப்பற்றும்.