பாப்பர் காலடியிலேயே விழுகிறது, விலை கூடின ராட் வாங்கலாமா?

கேட்டவரின் நிலைமை இது: இரண்டு மாதமாக பாஸ் மீனுக்காக ஃப்ளை ஃபிஷிங் பழகுகிறார், அதாவது ஃப்ளை என்கிற எடை குறைந்த போலி இரையை வீசி மீன் பிடிப்பது. கையில் இருப்பது 9 அடி, 5-வெயிட் ராட் (தூண்டில் கழி). பாப்பர், அதாவது தண்ணீர்மேல் மிதந்து 'ப்ளக்' என்று சத்தம் போடுகிற பருமனான ஃப்ளை, பத்து மீட்டர்கூடப் போகாமல் லைனோடு சுருண்டு விழுகிறது. இன்னும் விலை கூடின ராட் வாங்கினால் தூரம் போகுமா என்கிறார்.

போகாது. இதே கேள்வியோடு ஒரு முழு சீசனை வீணாக்கியவன் நான், அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பாஸ் என்றதும் சிலர் கொடுவா மீனை நினைத்துக்கொள்கிறார்கள், அதை ஆங்கிலத்தில் சீ பாஸ் என்பதால். அது வேறு குடும்பம். நான் சொல்வது வட அமெரிக்காவின் நன்னீர் மீன்களான லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் இரண்டையும்தான். நீங்கள் கேட்பதும் அதுவாகத்தான் இருக்கும்.

நான் ஆரம்பித்ததும் 5-வெயிட்டில்தான். ட்ரவுட் பிடிக்கிற நண்பர் ஒருவர் தன் பழைய செட்டை அப்படியே கொடுத்தார். அவர் அதில் நகக்கண் அளவு ஃப்ளையைக் கட்டி, நினைத்த இடத்தில் தண்ணீர் அலுங்காமல் கொண்டுபோய் வைப்பார். நான் அதே ராடில் கட்டைவிரல் தடிமன் பாப்பரைக் கட்டி வீசினேன். ஈரத்துணியை உதறிப் போட்ட மாதிரி முன்னால் வந்து விழுந்தது. கடைக்குப் போய்ச் சொன்னேன். அங்கிருந்தவர் நான் வீசுவதைப் பார்க்கவில்லை, என்ன லைன் போட்டிருக்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. இருந்ததிலேயே விறைப்பான ராடை எடுத்துக் கையில் கொடுத்தார். வாங்கிவிட்டேன். நிலைமை இன்னும் மோசமானது. விறைப்பான ராட் வளைவதைக் கை உணர்வதற்கே ஓரளவு பழக்கம் வேண்டும். எனக்கு அது வெறும் கழியாகத்தான் இருந்தது, தோள்வலி வந்ததுதான் மிச்சம். கற்றுக்கொள்ள வருகிறவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் பொருளை விற்பது சரியில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண ஸ்பின்னிங் தூண்டிலில் இரையின் எடை லைனை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளையில் அது தலைகீழ்: லைனின் எடைதான் ஃப்ளையைச் சுமந்துகொண்டு போகிறது. ராடில் எழுதியிருக்கும் 5, 8 என்கிற எண்களும் லைனின் எடையைச் சொல்பவைதான். முனையிலிருந்து முதல் 30 அடி, அதாவது ஏறக்குறைய 9 மீட்டர் லைனை நிறுத்துப் பார்த்து அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். 5-வெயிட் லைன் 140 கிரெய்ன், சுமார் 9 கிராம். 8-வெயிட் 210 கிரெய்ன், சுமார் 13.6 கிராம். பாப்பருக்கு எடை அதிகமில்லை, ஆனால் காற்றை முட்டுகிற பருமன் உண்டு. 9 கிராம் லைனால் அதை இழுத்துக்கொண்டு போய் விரித்துப் போட முடியாது. உங்கள் பாப்பர் சுருண்டு விழுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி உங்கள் கையில் இருக்கிறது. அது பிறகு.

அதனால் பாஸுக்கென்று ஒரு செட் வாங்குவதாக இருந்தால் 7 அல்லது 8-வெயிட், 9 அடி, நடுத்தர வேகத்தில் வளைகிற ராட் போதும். செலவை லைனில் போடுங்கள். பாஸ் லைன் என்று தனியாகவே விற்கிறார்கள். எடையை முன்பக்கத்திலேயே குவித்துச் செய்திருப்பார்கள், பெரிய ஃப்ளையைத் தூக்கிப் புரட்டிப் போட அதுதான் உதவும். மெல்ல ஒல்லியாகிக்கொண்டே போகிற ட்ரவுட் லைன் வேண்டாம். ரீலுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். பாஸ் நூறு மீட்டர் ஓடுகிற மீன் இல்லை, பெரும்பாலும் லைனைக் கையாலேயே இழுத்துக் கரை சேர்ப்பீர்கள்.

லீடரும் அப்படித்தான், லைனின் முனைக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டுகிற மெல்லிய இழை அது. ஒன்பது, பத்து அடி நீளத்துக்கு நூல் மாதிரி முடிகிற லீடரில் பாப்பரைக் கட்டினால் அது புரண்டு விழவே விழாது. ஏழரை அடி போதும், முனையில் 0-எக்ஸ் டிப்பெட் (ஃப்ளையைக் கட்டுகிற கடைசித் துண்டு), அதாவது 0.28 மில்லிமீட்டர் தடிமன். பாஸ் லீடரைப் பார்த்து மிரள்கிற மீன் இல்லை. அது இருக்கும் இடமோ நீர்க்கொடிக்கும் முறிந்த மரத்துக்கும் நடுவில், அங்கிருந்து அதை வெளியே இழுக்க அந்தத் தடிமன் வேண்டும்.

இதையெல்லாம் வாங்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. இருக்கிற 5-வெயிட்டிலேயே பாப்பரை மட்டும் சின்னதாக்குங்கள், 8 அல்லது 10-ஆம் எண் முள்ளில் செய்தது. சின்ன பாஸும், ப்ளூகில் என்கிற சின்ன நன்னீர் மீனும் அதைத் தாராளமாக எடுக்கும். ராடை மாற்றாமலே உங்கள் காஸ்ட் (வீச்சு) நீளுவதை அன்றைக்கே பார்ப்பீர்கள்.

இனி கையைப் பற்றி. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் மனைவியின் தாய்மாமா. முப்பது வருடமாக அதே ஏரியில் பாஸ் பிடிப்பவர். ஒரு நாள் சாயங்காலம் நான் வீசுவதை அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "மாப்பிள்ளை, உங்க லைன் பின்னால எங்க போகுதுன்னு ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. மீன் முன்னால் இருக்கிறது, கண்ணும் அங்கேயே இருந்தது. அவர் சொன்னபடி உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி நின்று, பின்னால் வீசும்போது தலையைத் திருப்பினேன். லைன் இன்னும் நடுவானில் வளைந்து கிடந்தது, பாப்பர் இடுப்பு உயரப் புல்லுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. என் கை அதற்குள் முன்னால் தள்ள ஆரம்பித்துவிட்டது. விரியாத லைனில் இழுக்க ஒன்றுமே இல்லை. ராட் எப்படி வளையும்?

"ராடை பின்னால கொண்டுபோய் டக்குன்னு நிறுத்துங்க. நிறுத்தினதும் என் மருமக பேரை மனசுக்குள்ள முழுசா சொல்லுங்க. சொல்லி முடிச்சிட்டுத்தான் முன்னால தள்ளணும்" என்றார். அவருக்கு மருமகள், எனக்கு மனைவி. மூன்றெழுத்துப் பெயர். சின்ன காஸ்டுக்கு அது போதுமாக இருந்தது. லைன் பத்து மீட்டரைத் தாண்டியபோது, "இப்ப அவ அப்பா பேரையும் சேர்த்துக்குங்க" என்றார். லைன் நீள நீளக் காத்திருக்கும் நேரமும் நீளவேண்டும் என்பதை இதைவிட எளிதாக எனக்கு யாரும் சொன்னதில்லை. காத்திருப்பின் முடிவில், லைன் முழுக்க விரிந்த கணத்தில், ராட் நுனியை யாரோ பின்னாலிருந்து மெல்லத் தொட்டு இழுத்த மாதிரி இருக்கும். அதைக் கை அறிந்துகொண்டால் பெயர் சொல்லவேண்டிய தேவையே இல்லை.

இன்னொரு தவறு என் மணிக்கட்டில் இருந்தது. பின்னால் போகும்போது மணிக்கட்டு மடங்கிவிடும், ராட் தரையைப் பார்த்துச் சாய்ந்துவிடும், லைனும் கூடவே கீழே போய்விடும். மாமா என் சட்டைக் கையின் பட்டனைக் கழற்றி, ராடின் அடிமுனையை உள்ளே செருகி, மறுபடி பட்டனைப் போட்டுவிட்டார். மணிக்கட்டு மடங்கினால் துணி இழுத்துப் பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வாரம் அப்படியே வீசினேன். வாட்ச் கட்டுகிற இடத்தில் சிவந்து தடித்துப்போனது, ஆனால் பழக்கம் மாறிவிட்டது.

தண்ணீரிலிருந்து பாப்பரைத் தூக்குகிற விதமும் முக்கியம். ராட் நுனியைத் தண்ணீரைத் தொடுகிற அளவு தாழ்த்துங்கள், லைனில் தொய்வு இல்லாமல் இழுத்துக்கொள்ளுங்கள், பாப்பர் நகர ஆரம்பித்த பிறகு மெதுவாகத் தூக்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்துங்கள். தொய்வோடு வெடுக்கென்று பிடுங்கினால் பாப்பர் தண்ணீரைக் கவ்விக்கொண்டு பெரிய சத்தம் போடும். அந்தப் பக்கம் இருந்த மீன் போய்விடும், பின்னால் வீசுகிற உங்கள் பேக் காஸ்டும் கெட்டுவிடும்.

புல்தரையில் முனையில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டி தினமும் பத்து நிமிடம் பழகுங்கள். சிமெண்ட் தரையில் வேண்டாம், லைனின் மேல்பூச்சு உரிந்துவிடும். டபுள் ஹால் (வீசும்போது மறுகையால் லைனை இழுத்து வேகம் கூட்டுவது) கற்றுத்தரும் வீடியோக்களை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். பன்னிரண்டு மீட்டருக்குள், இலையின் ஓரத்தில், குறிதவறாமல் போட முடிந்தால் உங்களுக்குப் போதுமான மீன் கிடைக்கும். தொலைவாக வீசுவதே திறமை என்று நினைப்பவர்கள் இதைப் படித்துச் சண்டைக்கு வரலாம். காற்றடிக்கிற பெரிய ஏரியில், படகிலிருந்து வீசும்போது தூரம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் என் மீன்களில் பெரும்பாலானவை நான் நின்ற இடத்திலிருந்து ஒரு பஸ் நீளத்துக்குள் மாட்டியவை.

கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வீசாதீர்கள். முள்ளில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், மீனுக்கும் நல்லது, உங்கள் காதுக்கும் நல்லது.

என் முதல் பாஸை நான் பிடிக்கவில்லை, தவறவிட்டேன். அல்லி இலைகளுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. பாப்பர் அங்கே போய் விழுந்தது. மாமா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். வளையம் வளையமாக அலை விரிந்து, இலைகளைத் தொட்டு, அடங்கியது. அப்போதும் அசைக்க விடவில்லை. ஒரு இலையின் விளிம்பு மட்டும் லேசாக ஆடியது. லைனை விரற்கடை அளவு இழுத்தேன், பாப்பர் ஒரு 'ப்ளக்'. தண்ணீர் உள்ளிருந்து வாய் திறந்த மாதிரி குழிந்தது, பாப்பர் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நான் பதறி ராடைத் தலைக்கு மேல் தூக்கினேன். பாப்பர் வெறுமனே பறந்து வந்து பின்னால் விழுந்தது.

"ராடை தூக்காதீங்க மாப்பிள்ளை. ராட் மீனைப் பார்த்தபடி இருக்கட்டும், இடது கையால லைனை இழுங்க." ட்ரவுட்டுக்கு ராடைத் தூக்குவார்கள். ராட் வளைந்து மெல்லிய டிப்பெட்டைக் காப்பாற்றும். பாஸின் வாய் கெட்டி, முள்ளும் பருமன். லைனை நேராக இழுத்தால்தான் அது உள்ளே இறங்கும். மீன் எடுக்காமல் விட்டிருந்தாலும் பாப்பர் அரை மீட்டர்தான் நகர்ந்திருக்கும், அது மறுபடி வந்து எடுக்க வாய்ப்பு உண்டு. பாப்பருக்கு ராடைத் தூக்கியே பிடிக்கிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கை பழகிய கை. புதியவருக்கு நான் சொல்வது இதுதான்.

பாப்பர் மட்டும் போதாது. வெயில் ஏறினால் மீன் கீழே போய்விடும். அப்போது க்ளவுசர் மின்னோ கட்டுங்கள். பென்சில்வேனியாவில் பாப் க்ளவுசர் சஸ்கொஹானா ஆற்று ஸ்மால்மவுத்துக்காகச் செய்த ஃப்ளை அது. கனமான உலோகக் கண்கள் முள்ளைத் தலைகீழாகத் திருப்பிவிடும், அதனால் கல்லிலும் கட்டையிலும் சிக்குவது குறைவு. வூலி பக்கர் ட்ரவுட் ஃப்ளை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதையும் அதே மாநிலத்தில் 1967-இல் ரஸல் பிளெஸ்ஸிங் ஸ்மால்மவுத்தை மனதில் வைத்துத்தான் கட்டினார். உங்கள் 5-வெயிட்டில் இதை இன்றைக்கே சுலபமாக வீசலாம்.

பெரிய மீன்தான் குறி என்றால் ஃப்ளை எதற்கு என்று கேட்பார்கள். உண்மைதான். 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்ட் 4 அவுன்ஸ் லார்ஜ்மவுத்தும், 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்து அந்தச் சாதனையைச் சமன்செய்ததும் ஃப்ளையில் வந்தவை அல்ல. எனக்கு அந்த இலை ஆடியதைப் பார்ப்பதற்காகவே ஃப்ளை வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனது கேட்கவில்லை. வசந்தத்தில் தண்ணீர் 15, 16 டிகிரியைத் தாண்டும்போது ஆண் பாஸ் கரையோர ஆழமற்ற இடத்தில் வாலால் அடித்துக் குழி பறிக்கும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் நின்று முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். அப்போது அதன் முன்னால் எதைப் போட்டாலும் அடிக்கும், பசிக்காக இல்லை, விரட்டுவதற்காக. போன வசந்தத்தில் நான்கு பேர் அப்படி ஒன்றைத் தூக்கி, ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே தெளிந்த தண்ணீரில் ப்ளூகில் கூட்டம் அந்தக் குழிக்குள் மூக்கை விட்டு முட்டைகளைத் தின்றுகொண்டிருந்தது எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. சொன்னேன். "விட்டுடத்தானே போறோம்" என்றார்கள். விட்டார்கள், ஆனால் அது திரும்பிப் போனபோது காப்பதற்கு அங்கே என்ன மீந்திருக்கும்? சட்டம் ஊருக்கு ஊர் வேறுபடும், சில இடங்களில் பாஸ் வெளியிலிருந்து வந்த மீன் என்பதால் திரும்ப விடவே கூடாது, பிவா ஏரியில் அப்படித்தான். அங்கங்கே உள்ள விதியைப் படித்துவிட்டு இறங்குங்கள். ஆனால் பாஸுக்குச் சொந்தமான தண்ணீரில், குழிமேல் நிற்கும் மீனை விட்டுவிடுங்கள்.

உங்களுக்குத் திரும்ப வருகிறேன். ராட் வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். சின்ன பாப்பர், ஏழரை அடி லீடர், தினமும் புல்தரையில் பத்து நிமிடம், ஒவ்வொரு பேக் காஸ்டுக்கும் தலையைத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் உங்கள் லைன் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே சொல்லுங்கள். அதை வைத்துத்தான் அடுத்தது என்ன வாங்கலாம் என்று சொல்ல முடியும்.